பழைய ஃபார்கோ பிக்அப்புக்குச் சுமோவின் முன்பக்கம் பொருந்துமா?

தஞ்சாவூர் பக்கம் பாபநாசத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வீட்டில் தாத்தா காலத்து ஃபார்கோ பிக்அப் நிற்கிறது, 1950களின் தொடக்கத்தில் வந்தது. எஞ்சின் வேலை முடிந்து வண்டி ஓடுகிறது. ஆனால் ஸ்டீயரிங் ரொம்பக் கனம். 50 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் வண்டி நேராகப் போகாமல் இப்படியும் அப்படியும் அலைகிறது. மதகு மேட்டில் ஏறி இறங்கினால் இடுப்பு விட்டுப்போகிறது. திருச்சியில் ஒரு காயலான் கடையில் டாடா சுமோ ஒன்றை உடைக்கப்போகிறார்கள். அதன் முன் சஸ்பென்ஷனை முழுசாக எடுத்து இதில் மாட்டிவிடலாமா என்பது கேள்வி.

மாட்டலாம். நல்ல லேத் பட்டறையும் கை சுத்தமான வெல்டரும் பொறுமையும் இருந்தால் முடியாத வேலை இல்லை. ஆனால் நீங்கள் சொன்ன மூன்று குறைகளில் முதல் இரண்டுக்குச் சுமோவின் தயவு தேவைப்படாது என்பது என் எண்ணம். காயலான் கடைக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் ஒரு ஜாக்கியும் ஒரு ஆளும் வைத்துக்கொண்டு அரை நாள் செலவிடுங்கள்.

ஃபார்கோ என்பது டாட்ஜ் லாரிதான், பெயர்ப்பலகை மட்டும் வேறு. பம்பாய் குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் அசெம்பிள் செய்தது. முன்பக்கம் ஐ வடிவக் குறுக்குவெட்டு கொண்ட ஒரே நீள ஆக்சில், இரண்டு முனையிலும் சக்கரம் இடமும் வலமும் திரும்புவதற்கு அச்சாக நிற்கும் கிங் பின், ஆக்சிலின் மேல் ஸ்பிரிங் பட்டை. இதில் தேயக்கூடியவை கொஞ்சம்தான். தேய்ந்தவற்றை மாற்றினால் வண்டி பழையபடி நேராக ஓடும். 70 வருடம் கிரீஸ் பார்க்காத கிங் பின்னை வைத்துக்கொண்டு டிசைன் சரியில்லை என்று சொல்வது நியாயமில்லை.

சோதனை இப்படி. முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்குங்கள். ஒரு கை மேலே, ஒரு கை கீழே வைத்துச் சக்கரத்தை உள்ளும் வெளியும் ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால், வண்டிக்குள் இருப்பவரைப் பிரேக்கை அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டுங்கள். பிரேக் பிடித்ததும் ஆட்டம் நின்றுவிட்டால் வீல் பேரிங் தளர்ந்திருக்கிறது. நிற்காவிட்டால் கிங் பின்னோ அதன் புஷ்ஷோ தேய்ந்திருக்கிறது. அடுத்து சக்கரங்களைத் தரையில் இறக்கி, ஒருவர் ஸ்டீயரிங்கை லேசாக இடமும் வலமும் திருப்ப, நீங்கள் கீழே படுத்து இரண்டு சக்கரங்களையும் இணைக்கும் டை ராட்டின் முனைகளையும், ஸ்டீயரிங் பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குப் போகும் டிராக் லிங்க்கையும் விரலால் தொட்டுப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத லொடலொடப்பு விரலுக்குத் தெரியும். கடைசியாகத்தான் ஸ்டீயரிங் பாக்ஸ், அதாவது ஸ்டீயரிங் தண்டின் கீழே இருக்கும் பல்சக்கரப் பெட்டி. பல பேர் முதலில் பாக்ஸின் அட்ஜஸ்ட்மென்ட் ஸ்குரூவை முறுக்கி ஆட்டத்தைக் குறைக்கிறார்கள். நேராகப் போகும்போது ஆட்டம் குறையும், ஆனால் வளைவில் திருப்பினால் பாக்ஸ் இறுகிக்கொள்ளும், உள்ளே பல் போகும்.

ஸ்டீயரிங் கனம் என்றதும் எனக்கு முதலில் தோன்றுவது கிங் பின்னின் கீழே இருக்கும் திரஸ்ட் பேரிங்தான். வண்டியின் முன் எடை மொத்தமும் அதன் மேல் உட்கார்ந்து திரும்புகிறது. அது துருப்பிடித்து இறுகினால் எவ்வளவு முறுக்கினாலும் திரும்பாது. கிங் பின் புது செட் போடும்போது புஷ்ஷை அடித்து ஏற்றியதோடு விட்டுவிடக் கூடாது. பின்னுக்குத் தக்கபடி ரீமர் என்ற கருவியால் துளையைச் செதுக்கி அளவுக்குக் கொண்டுவர வேண்டும். கை அழுத்தத்தில் பின் வழுக்கி இறங்கினால் சரி, சுத்தியல் தேவைப்பட்டால் மறுபடி ரீமர்.

அலைகிறது என்ற குறைக்கு நம் ஊருக்கே உரிய ஒரு காரணம் உண்டு. டெல்டாவில் பிக்அப் வைத்திருப்பவர்கள் நெல் மூட்டை ஏற்றுவதற்காகப் பின்னால் கூடுதலாக ஒன்றிரண்டு பட்டை சேர்த்துவிடுவார்கள். காலி வண்டியில் பின்பக்கம் தூக்கி நிற்கும், மூக்கு தரையைப் பார்க்கும். கிங் பின் லேசாகப் பின்பக்கம் சாய்ந்திருந்தால்தான் சக்கரம் தானாக நேருக்கு வரும். இதைத்தான் காஸ்டர் என்கிறோம். இந்த வண்டியின் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடைவெளி 108 அங்குலம் என்று வைத்துக்கொண்டால், பின்பக்கம் 2 அங்குலம் உயரும்போது காஸ்டரில் ஏறத்தாழ 1 டிகிரி போய்விடும். முன் பட்டையும் களைத்து இறங்கியிருந்தால் இன்னும் போகும். மொத்தமே இரண்டு மூன்று டிகிரி இருக்க வேண்டிய இடத்தில் இது பெரிய இழப்பு. பாரம் ஏற்றினால் வண்டி நேராக ஓடுகிறது, காலியாக வந்தால் அலைகிறது என்றால் நோய் இதுதான். சேர்த்த பட்டையைக் கழற்றுங்கள். அது முடியாது என்றால் ஆக்சிலுக்கும் முன் பட்டைக்கும் நடுவே ஆப்பு வடிவத் தகடு வைக்கலாம். ஆக்சில் பட்டைக்குக் கீழே இருக்கும் அமைப்பில் தகட்டின் தடித்த முனை பின்பக்கம் வர வேண்டும். மாற்றி வைத்தால் வண்டி இன்னும் மோசமாக ஓடும்.

இடுப்பு நோவுக்கும் பாதி மருந்து இங்கேயே இருக்கிறது. பட்டைகளைக் கழற்றிப் பிரித்தால் ஒன்றோடொன்று துருவால் ஒட்டிக் கிடக்கும். அப்படி ஒட்டிய பட்டை வளைவதில்லை. துருவைத் தேய்த்து, கிராஃபைட் கிரீஸ் தடவி, பட்டையின் முனையைச் சேசிஸோடு இணைக்கும் ஷேக்கிலின் பின்னும் புஷ்ஷும் மாற்றி, ஷாக் அப்சார்பரைப் புதிதாகப் போட்டு ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். கார் மாதிரி ஆகாது. ஆனால் திருவையாறு–கும்பகோணம் சாலையில் பயமில்லாமல் போய்வரலாம்.

சரி, இவ்வளவும் செய்தாலும் மனசு சுமோ மேலேயே இருக்கிறது என்றால் மேலே படியுங்கள்.

இந்த ஆசை நமக்கு மட்டும் வந்ததில்லை. அமெரிக்காவில் பழைய பிக்அப் வைத்திருப்பவர்கள் பல காலமாகச் செய்யும் வேலை இது. 1974 முதல் 1978 வரை வந்த ஃபோர்டு மஸ்டாங் 2 காரின் முன்பக்கம் அங்கே இதற்குப் பேர் போனது. சின்னது, சக்கர அகலம் சுமார் 56 அங்குலம்தான், பல் வரிசைத் தண்டு ஒன்று இடவலமாக நகர்ந்து சக்கரத்தைத் திருப்பும் ரேக் ஸ்டீயரிங், பழைய வண்டிகளின் ஒடுங்கிய சேசிஸுக்குள் அடங்கும். இன்று காயலான் கடைக்குப் போகாமலே அதே அளவில் புதுக் கிட் வாங்கலாம். 1953–56 ஃபோர்டு எஃப்-100 வைத்திருப்பவர்கள் பலர் 2003க்குப் பிறகு வந்த கிரவுன் விக்டோரியா காரின் முன்பக்கத்தை எடுக்கிறார்கள். அது அலுமினியக் கிராஸ் மெம்பரோடு (குறுக்குச் சட்டம்) சேர்ந்து போல்ட்டைக் கழற்றினால் மொத்தமாக இறங்கிவிடும். ஆனால் அகலம் அதிகம், அதற்கேற்ற ஆஃப்செட் (வீல் எவ்வளவு உள்ளே தள்ளி உட்காரும் என்ற அளவு) உள்ள வீல் போடாவிட்டால் டயர் மட்கார்டுக்கு வெளியே நிற்கும்.

இணையத்தில் இந்த வீடியோக்களைப் பார்த்துவிட்டு இறங்குபவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். அவர்களுக்கு ஸ்டீயரிங் இடப்பக்கம், நமக்கு வலப்பக்கம். ரேக்கை நகர்த்தும் பினியன் பல்சக்கரம் எந்தப் பக்கம் இருக்கிறது என்பது மாறும், எக்ஸாஸ்டும் கிளட்ச் லிங்கேஜும் இருக்கும் பக்கத்தோடு மோதும். ரேக்கைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டுச் சமாளிக்கலாம் என்று நினைத்தால், ஸ்டீயரிங்கை வலப்பக்கம் திருப்பும்போது சக்கரம் இடப்பக்கம் திரும்பும். இடப்பக்கம் வண்டி ஓட்டும் ஆஸ்திரேலியாவில் இதே வேலைக்கு 1960களின் ஹோல்டன் எச்ஆர் கார் முன்பக்கம் பிரபலமாக இருந்ததில் ஆச்சரியமில்லை. நமக்கு உதாரணம் தேடுவதானால் அமெரிக்காவைவிட அந்தப் பக்கம் பார்ப்பது நல்லது.

நம் ஊரில் என்னென்ன கிடைக்கும்? அம்பாசிடர் எங்கும் கிடைக்கும், ரேக் ஸ்டீயரிங்கும் உண்டு. ஆனால் அதன் ஸ்பிரிங் என்பது வண்டியின் நீளவாக்கில் ஓடும் டார்ஷன் பார், அதாவது முறுக்கேறி ஸ்பிரிங்காக வேலை செய்யும் தண்டு. அதன் பின் முனையைப் பிடித்துக்கொள்ளத் தனியாக ஒரு பலமான குறுக்குச் சட்டம் கட்ட வேண்டும். குவாலிஸ், டவேரா இரண்டிலும் அதே டார்ஷன் பார் தொல்லைதான். பத்மினியின் முன்பக்கம் அழகானது, ஆனால் சின்னக் காருக்கு அளவெடுத்தது, ஆறு சிலிண்டர் எஞ்சினும் மூட்டையும் ஏறினால் தாங்காது. கான்டெசாவில் விஷ்போனும் (சக்கரத்தைப் பிடிக்கும் கவை வடிவக் கை) காயில் ஸ்பிரிங்கும் உண்டு, ஆனால் இன்று பால் ஜாயின்ட்டுக்கு அலைய வேண்டும். ஆக, பாரம் தாங்கும் தெம்பும் உதிரிபாகமும் இரண்டும் வேண்டும் என்றால் சுமோவைத் தேர்ந்தெடுத்தது தப்பில்லை. காயில் ஸ்பிரிங், இரட்டை விஷ்போன், எந்த ஊரிலும் பாகம் கிடைக்கும்.

ஆனால் சுமோ மாதிரி ஏணி வடிவச் சேசிஸ் வண்டிகளில் ஒரு சிக்கல். கீழ் விஷ்போன் பிடிக்கும் பிராக்கெட், ஸ்பிரிங்கின் மேல் முனை உட்காரும் கிண்ணம், மேல் விஷ்போன் போல்ட் எல்லாம் பெரும்பாலும் சேசிஸ் தண்டிலேயே இருக்கும். கிரவுன் விக்டோரியா மாதிரி நாலு போல்ட்டில் கழன்று வராது. அதனால் கடைக்காரர் விஷ்போனையும் ஸ்பிரிங்கையும் மட்டும் கழற்றி மூட்டை கட்டிக் கொடுத்தால் வாங்காதீர்கள். சுமோவின் முன் சேசிஸை, பிராக்கெட்டுகள் எல்லாம் தன் இடத்தில் இருக்க, முழுதாக வெட்டித் தரச் சொல்லுங்கள். வெட்டுவதற்கு முன் அங்கேயே வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, கீழ் விஷ்போனின் இரண்டு பிவட்டும் (அது ஏறி இறங்கும் அச்சு) தரையிலிருந்து எவ்வளவு உயரம், முன் பிவட்டுக்கும் பின் பிவட்டுக்கும் உயர வித்தியாசம் எவ்வளவு, மேல் விஷ்போன் எவ்வளவு சாய்ந்திருக்கிறது, டை ராட் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று எழுதிப் படமும் எடுத்துக்கொள்ளுங்கள். வெட்டியபிறகு இந்த எண்களை யாராலும் சொல்ல முடியாது.

அகலத்தையும் அங்கேயே அளக்க வேண்டும். இடப்பக்க டிரம் முகத்திலிருந்து வலப்பக்க டிரம் முகம் வரை உங்கள் ஃபார்கோவில் எவ்வளவு, சுமோவில் டிஸ்க் முகத்திலிருந்து முகம் வரை எவ்வளவு. வித்தியாசம் இரண்டு அங்குலத்துக்குள் இருந்தால் வீல் ஆஃப்செட்டில் சமாளிக்கலாம். அதற்கு மேல் போனால், சட்டத்தை நடுவில் வெட்டிக் குறைக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். குறைத்தால் ஸ்டீயரிங் லிங்க்கேஜையும் அதே அளவு குறைக்க வேண்டும், அங்கேதான் எல்லாம் கெடும்.

அடுத்தது எடை. பக்கத்து ரைஸ் மில்லில் எடை மேடை இருக்கும். காலி வண்டியின் முன் சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றி எடை எடுங்கள். பிறகு வழக்கமாக ஏற்றும் பாரத்தோடு ஒருமுறை. கொள்முதல் நிலையத்து மூட்டை 40 கிலோ என்பதால் கணக்கு எளிது. சுமோவின் முன் எடையும் தெரிந்தால் ஸ்பிரிங் பொருந்துமா, நீளம் குறைந்த வேறு ஸ்பிரிங் வேண்டுமா என்று முதலிலேயே சொல்லிவிடலாம். காயிலை கிரைண்டரில் ஒரு சுற்று வெட்டி உயரத்தைக் குறைப்பது பட்டறைகளில் சகஜம். வெட்டினால் ஸ்பிரிங் கடினமாகும், கிண்ணத்தில் உட்காரும் முனையும் கெடும்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். முன் சஸ்பென்ஷன் மாற்றிய வண்டிகளில் பாதி, ஓடும்போது கையைப் பிடுங்கும். மேடு பள்ளத்தில் ஸ்டீயரிங்கைத் தொடாமலே சக்கரம் தானாகத் திரும்பும். பம்ப் ஸ்டீயர் என்பது இதுதான். சக்கரம் மேலே ஏறும்போது மேல் விஷ்போனும் கீழ் விஷ்போனும் ஒரு வளைவில் போகின்றன, டை ராட் தன் வளைவில் போகிறது. இரண்டு வளைவும் ஒத்துப்போனால் சக்கரம் நேராக ஏறி இறங்கும். ஒத்துப்போக, டை ராட்டின் உள் முனை, மேல் கீழ் விஷ்போன்களின் உள் பிவட்டுகளை இணைக்கும் கோட்டுக்கு அருகே வர வேண்டும். டை ராட்டின் கோட்டை நீட்டினால், இரண்டு விஷ்போன் கோடுகளும் சந்திக்கும் அதே புள்ளியைப் பார்த்துப் போக வேண்டும். சுமோவில் தொழிற்சாலைக்காரர்கள் இதைக் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். நீங்கள் ஸ்டீயரிங் பாக்ஸை எஞ்சினுக்கு இடம் விடுவதற்காக ஒரு அங்குலம் நகர்த்தினால் அந்தக் கணக்கு போயிற்று. அதனால் சஸ்பென்ஷனை எடுத்தால் ஸ்டீயரிங் பாக்ஸ், மறுபக்கம் லிங்க்கைத் தாங்கும் ஐட்லர், நடு லிங்க் எல்லாவற்றையும் சேர்த்து எடுங்கள், ஒன்றுக்கொன்று அதே தூரத்தில் வையுங்கள். எஞ்சினின் ஆயில் தொட்டியான சம்ப் இடிக்கிறது என்றால் சம்ப்பைத்தான் மாற்றிக் கட்ட வேண்டும், லிங்க்கை அல்ல.

பொருத்தும் முறை. வண்டியை சிமென்ட் தரையில் ஸ்டாண்டில் ஏற்றி, ரசமட்டம் வைத்து, ஓடும்போது சேசிஸ் எந்தச் சாய்வில் இருக்குமோ அதே சாய்வில் நிறுத்துங்கள். பழைய ஆக்சிலைக் கழற்றும் முன் அதன் நடுக்கோட்டிலிருந்து தூக்குக்குண்டு விட்டுத் தரையில் குறி போடுங்கள். சாக்பீஸ் அழிந்துவிடும், உளியால் கீறுங்கள். சேசிஸின் நடுக்கோட்டையும் அப்படியே இறக்குங்கள். பின் ஆக்சிலிலிருந்து குறுக்கு மூலைவிட்டம் இரண்டும் சமமா என்று டேப்பில் பாருங்கள். ஸ்பிரிங்கைப் போடாதீர்கள். அதற்குப் பதில் துளையிட்ட இரும்புப் பட்டையை ஷாக் அப்சார்பர் இடத்தில் போல்ட் போட்டு, கீழ் விஷ்போன் சுமோவில் நின்ற கோணத்தில் நிற்கும்படி பூட்டிவிடுங்கள். எஞ்சின் இல்லாத வெறும் சேசிஸில் ஸ்பிரிங்கைப் போட்டு உயரம் பார்த்தால், பாடி ஏறியதும் எல்லாம் இறங்கிவிடும். புள்ளி வெல்டு மட்டும் வைத்து, இரும்புப் பட்டையைக் கழற்றி, ஜாக்கியால் சக்கரத்தை மூன்று அங்குலம் மேலேற்றி, கீழிறக்கி, டிஸ்க் முகத்தில் ஒரு நேர்ச்சட்டம் கட்டி அதன் முன் முனையும் பின் முனையும் நகர்கிறதா என்று அளந்து பாருங்கள். ஓரிரண்டு மில்லிமீட்டர் வித்தியாசம் என்றால் முழு வெல்டுக்குப் போகலாம். அதைவிடக் கூடினால் பாக்ஸை ஷிம் என்ற மெல்லிய தகடு வைத்து ஏற்றி இறக்கிச் சரி செய்யுங்கள்.

சேசிஸ் தாங்குமா என்பது தனிக் கேள்வி. பட்டை வண்டியில் எடை பக்கத்துக்கு இரண்டு இடத்தில், முன் ஹேங்கரிலும் பின் ஷேக்கிலிலும் பிரிந்து இறங்கும். விஷ்போன் வந்துவிட்டால் அத்தனையும் கிராஸ் மெம்பர் என்ற ஒரே இடத்தில், முறுக்கும் விசையாக இறங்கும். ஃபார்கோவின் சி வடிவத் தண்டு முறுக்கைத் தாங்குவதற்கு ஏற்றதல்ல. கிராஸ் மெம்பர் வரும் இடத்தின் இரு பக்கமும் ஒன்றரை அடி நீளத்துக்குத் தண்டைத் தகடு வைத்து மூடிப் பெட்டியாக்குங்கள். தகட்டின் முனையைச் செங்குத்தாக வெட்டாமல் சரிவாக வெட்டுங்கள். செங்குத்தாக வெட்டினால் அந்த நேர்க்கோட்டில்தான் பின்னால் விரிசல் விடும். வெல்டை ஒரே மூச்சாக ஓட்டாமல் இங்கொரு அங்குலம் அங்கொரு அங்குலம் என்று வையுங்கள். இல்லாவிட்டால் தண்டு வெப்பத்தில் வளைந்துவிடும்.

இதற்கெல்லாம் முன்னால், தண்டின் உட்பக்கத்தைச் சுரண்டிப் பாருங்கள். டெல்டா வண்டிகளில் வயல் வண்டல் அந்தச் சி வளைவுக்குள் படிந்து மழைக்காலம் முழுக்க ஈரம் பிடித்து வைத்திருக்கும். உர மூட்டை ஏற்றிய வண்டி என்றால் இன்னும் மோசம். பொட்டாஷ் என்பது பொட்டாசியம் குளோரைடு, உப்பு வகை. கொட்டின தூள் ஈரத்தோடு சேர்ந்து இரும்பைத் தின்னும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் ஓடிய வண்டியில் கடல்காற்றும் சேரும். வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும், உள்ளே ஸ்குரூ டிரைவர் குத்தினால் இறங்கும். அப்படி இறங்கும் சேசிஸில் புது சஸ்பென்ஷன் கட்டாதீர்கள்.

பிரேக்கில் ஒன்று மட்டும் சொல்கிறேன். முன்னால் டிஸ்க் வந்தால் பழைய ஒற்றை மாஸ்டர் சிலிண்டர் போதாது. இரண்டு சர்க்யூட் உள்ளது வேண்டும். பழைய வண்டியில் மாஸ்டர் சிலிண்டர் கால் வைக்கும் பலகைக்குக் கீழே இருப்பதால் பிரேக் ஆயில், டிஸ்க்கைக் கவ்வும் காலிப்பரிலிருந்து திரும்பி ஓடிவிடும். டிஸ்க் லைனில் 2 பிஎஸ்ஐ, பின் டிரம் லைனில் 10 பிஎஸ்ஐ அழுத்தத்தைத் தக்கவைக்கும் ரெசிடுவல் வால்வு போட வேண்டும். போடாவிட்டால் முதல் மிதியில் பெடல் தரை தொடும்.

சட்டம். இதை ஓரமாக வைக்க முடியாது. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே வருடம் வந்த திருத்தத்தில் பிரிவு 182ஏ சேர்ந்தது. அனுமதியில்லாத மாற்றத்துக்கு உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். முன்பக்கத்தை மாற்றிய வண்டி விபத்தில் சிக்கினால் இன்சூரன்ஸ்காரர் என்ன கேட்பார் என்று யோசித்துக்கொள்ளுங்கள். தண்டில் சேசிஸ் நம்பர் பொறித்திருக்கும் இடத்தைக் கண்டுபிடித்து அதில் கிரைண்டர் படாமல் பாருங்கள். அது அழிந்தால் பிரச்சினை வேறு வகை. வேலை தொடங்கும் முன் ஆர்டிஓ அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். ஏஜென்ட் வாயால் சொன்னது செல்லாது.

இன்னொன்று. 2021இல் வந்த விதிப்படி, 50 வருடம் கடந்து, அசல் வடிவத்திலேயே இருக்கும் சொந்த உபயோக வண்டியை விண்டேஜ் வண்டியாகப் பதிவு செய்யலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 வருடம் செல்லும். ஆனால் சேசிஸிலோ பாடியிலோ எஞ்சினிலோ பெரிய மாற்றம் செய்த வண்டிக்கு அந்தப் பதிவு கிடையாது. விண்டேஜ் பதிவு வாங்கினால் தினசரி ஓட்டவும் வியாபாரத்துக்கு ஓட்டவும் முடியாது. உங்கள் ஃபார்கோ அந்த வயதைத் தாண்டிய வண்டி, ஆனால் பிக்அப்புக்கும் அந்தப் பதிவு தருவார்களா என்று ஆர்டிஓவில் கேட்டுக்கொள்ளுங்கள். தருவதானாலும், தண்டில் முதல் வெல்டு விழுந்ததும் அந்தக் கதவு சாத்திவிடும். வயலுக்கும் மில்லுக்கும் ஓட்டத்தான் இந்த வண்டி என்றால் அது பெரிய விஷயமில்லை. தாத்தாவின் வண்டியைக் காப்பாற்றி வைக்க வேண்டும் என்றால் பெரிய விஷயம்.

என்னைக் கேட்டால், இந்த வண்டிக்கு நான் கிங் பின்னும் பட்டையும் செய்வேன், சுமோவை விட்டுவிடுவேன். நீங்கள் வேறு முடிவெடுத்தால், கழற்றிய ஆக்சில், பட்டைகள், ஸ்டீயரிங் பாக்ஸ், டிரம், யு போல்ட் வரை எதையும் எடைக்குப் போடாதீர்கள். கிரீஸ் தடவி, சாக்கில் சுற்றி, எந்தப் பக்கம் எது என்று பெயின்ட்டில் எழுதி, தரை ஈரம் படாமல் பரண் மேல் ஏற்றிவிடுங்கள். காயலான் கடையில் சுமோ மறுபடி கிடைக்கும், ஃபார்கோ ஆக்சில் கிடைக்காது.